தாமே வெளியிட்ட இசைத்தட்டுகள்

ஓர் இசைக்குழு பெரும்புகழ் எய்திய பின்னர் அதன் வரலாற்றை எழுதுவோர் பலர். அது கேட்பாரற்றுக் கிடந்த நாளில் என்ன செய்தது, எவ்வாறு பிழைத்தது என்று ஆராய்வோர் சிலரே. ஜப்பான் நாட்டில் 'எக்ஸ்' என்ற பெயரோடு தோன்றி, 1992-ஆம் ஆண்டு முதல் 'எக்ஸ் ஜப்பான்' என்று வழங்கலான ராக் இசைக்குழுவின் கதையில், அம்முற்பகுதியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். 1985 முதல் 1988 வரை, பெரிய இசைத்தட்டுக் கம்பெனி எதனுடைய துணையும் இல்லாமல், அக்குழுவினர் சில தட்டுகளை வெளியிட்டார்கள். எண்ணிக்கையில் அவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். ஆயினும் அந்நாட்டு இளைஞர் இசையில் அவை திறந்துவிட்ட வழி மிகப் பெரிது.

நெடுங்காலம் பள்ளியில் பணியாற்றியவன் இத்தகைய பொருளை எடுத்துக்கொள்வானேன் என்று நேயர்கள் வியக்கலாம். பெற்றோர்கள் என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "பையன் இப்படி ஒன்றில் இறங்கிவிட்டான்; எங்களுக்கு அது விளங்கவில்லை; விடலாமா, தடுக்கலாமா?" என்பது அது. ஒரு ஜப்பானியத் தாய் அக்கேள்விக்குச் செயலால் அளித்த விடை இக்கதையின் நடுவில் இருக்கிறது. அதனாலேயே எடுத்துக்கொண்டேன்.

தோக்கியோ நகருக்குத் தென்கிழக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பத்தின் தென்கோடியில், சிபா மாநிலத்தைச் சேர்ந்த தாதேயாமா என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரில் கிமோனோ ஆடை வாணிகம் செய்த ஒரு குடும்பத்தில் 1965-ஆம் ஆண்டு பிறந்தவர் யோஷிகி. நான்காம் வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். ஐரோப்பியச் செவ்வியல் இசையே அவருடைய முதற் பயிற்சி. அவருக்குப் பத்து வயதானபோது தந்தையார் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அத்துயரம் அச்சிறுவனை என்ன செய்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். பியானோவுக்கு அருகில் முரசுத் தொகுதி ஒன்றும் வந்து அமர்ந்ததும், அமெரிக்காவின் 'கிஸ்' என்னும் ராக் குழு அவர் மனத்தைப் பற்றிக்கொண்டதும் அதன் பிறகே. மழலைப் பருவம் முதல் நண்பரான தோஷியோடு சேர்ந்து, பள்ளி நாட்களிலேயே ஒரு குழு அமைத்தார். அது கலைந்த பின், 1982-இல் இருவரும் புதிதாக ஒன்றைத் தொடங்கினர். நல்ல பெயர் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று அதற்கு 'எக்ஸ்' எனப் பெயரிட்டார்கள். கணக்காசிரியர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இயற்கணிதத்தில் மதிப்புத் தெரியாத ஒன்றைக் குறிக்க நாம் இடும் எழுத்தல்லவா அது! அந்த எழுத்தின் மதிப்பைக் கண்டுபிடிக்கும் வேலையில்தான் அடுத்த ஆறு ஆண்டுகள் கழிந்தன.

யோஷிகி முரசு முழக்குவார், பியானோ வாசிப்பார், பாட்டும் இயற்றுவார். தோஷி பாடுவார். ஏனைய கருவிகளை வாசித்தோர் அடிக்கடி மாறினர். இவர்களுடைய இசை மிகுந்த வேகமும் மிகுந்த ஓசையும் உடையது. அத்தோடு நில்லாமல், தலைமுடியை வானளாவ நிமிர்த்திச் சாயமேற்றி, முகத்தில் அரிதாரம் பூசி, ஆணோ பெண்ணோ என ஐயுறும் கோலத்தில் மேடையேறினார்கள். கபுக்கி நாடகத்தில் ஆடவர் பெண்வேடம் பூணுவதையும், முகத்தில் செங்கோடு தீட்டுவதையும் நானூறு ஆண்டுகளாகக் கண்ட நாடு அது. எனினும், ராக் இசைக்கு இக்கோலம் எதற்கு என்று அந்நாட்டாரே முகஞ்சுளித்தனர். காதுக்கு உரியதைக் கண்ணுக்கு உரியதாக்கிக் கெடுக்கிறார்கள் என்பது அந்நாளில் அவர்கள்மேல் சாற்றப்பட்ட குற்றம்.

இனி, இசைத்தட்டு ஒன்றைத் தாமே வெளியிடுவது என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகவே காண்போம். இது விளங்கினாலன்றி அவ்விளைஞர்கள் பட்ட பாடு விளங்காது.

அக்காலத்துத் தட்டு உருவாகும் முறை இது. பாட்டு முதலில் ஒலிநாடாவிற் பதிவாகும். பின்னர், மென்மையான அரக்குப் பூச்சுடைய அலுமினியத் தகடு ஒன்றைச் சுழலவிட்டு, அதன்மேல் ஊசியால் சுருள் வடிவான பள்ளம் கீறுவார்கள். ஒலியின் அதிர்வெல்லாம் அப்பள்ளத்தின் நெளிவில் அடங்கியிருக்கும். அதன்மேல் மெல்லிய வெள்ளிப் படலமும், அதற்கு மேல் நிக்கலும் படியவைத்து உரித்தெடுத்தால், பள்ளமெல்லாம் மேடாக மாறிய உலோக அச்சு ஒன்று கிடைக்கும். அத்தகைய அச்சுகளைப் பொறியிற் பொருத்தி, சூட்டில் இளகிய வினைல் பிசினை இடையில் வைத்து அழுத்தினால், ஏறத்தாழ அரை நிமிடத்தில் ஒரு தட்டு பிறந்துவிடும்.

இதிலுள்ள பொருளாதாரத்தைக் கவனியுங்கள். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாடகை, பதிவாளருக்குக் கூலி, மூலத் தகடு கீறுதல், உலோக அச்சு வார்த்தல், உறைக்குப் படம் ஆகிய செலவெல்லாம் முதல் தட்டு கைக்கு வருமுன்பே தீர்ந்துவிடும். நூறு தட்டு அடித்தாலும் பதினாயிரம் அடித்தாலும் அச்செலவு மாறாது. ஆகையால் பெருந்தொகையாக விற்பவனுக்குத் தட்டொன்றின் அடக்கவிலை மிகக் குறைவு. சிறு தொகையாக விற்பவனுக்கோ அது தலைமேற் பாறை. புத்தகத்தைத் தம் செலவில் அச்சிட்டு, விற்காத படிகளை வீட்டுப் பரணில் அடுக்கிவைத்த நூலாசிரியர்களை நாம் அறிவோம். அவர்களுக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பெரிய கம்பெனி இச்சுமையைத் தான் ஏற்கும். நாடு முழுவதும் உள்ள கடைகளுக்குத் தட்டை அனுப்பும்; விளம்பரமும் செய்யும். கைம்மாறாக, எந்தப் பாட்டு, எந்த உடை, எந்த நாளில் வெளியீடு என்பதையெல்லாம் தானே முடிவு செய்யும். கம்பெனி கதவு திறக்காத இளைஞர்களுக்குச் சிற்றரங்குகளே புகலிடம். 'லைவ் ஹவுஸ்' என்று ஜப்பானியர் வழங்கும் அவ்வரங்குகள் பலவற்றில் ஒரு கடுமையான வழக்கமும் உண்டு. இத்தனை நுழைவுச்சீட்டுகளை நீங்களே விற்றுத்தர வேண்டும் என்று குழுவினரிடம் கணக்கு வைப்பார்கள். விற்காத சீட்டுக்கு உரிய பணத்தைக் குழுவே கட்ட வேண்டும். பாடுபவனே பாட்டுக் கேட்க வருபவனுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிற விந்தை இது. அப்படியிருந்தும் மேடைக்குக் குறைவில்லை, ஏறுவோருக்கும் குறைவில்லை. தோக்கியோவின் மெகுரோப் பகுதியில் அந்நாளில் இயங்கிய ரோக்குமேய்கான் என்ற சிற்றரங்கு, எக்ஸ் குழுவினர் அடிக்கடி ஏறிய மேடைகளுள் ஒன்று.

1980-களின் நடுவில், கம்பெனிகளை நம்பாது தாமே தட்டு வெளியிடும் குழுக்கள் ஜப்பானில் பெருகின. 'இண்டீஸ்' என்பது அவற்றுக்கு வழங்கிய பெயர்; தனித்து நிற்பவை என்று பொருள் கொள்ளலாம். 1985-இல் அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. இப்புதுப் போக்கைப் பற்றியே ஒரு நிகழ்ச்சி தயாரித்து ஒளிபரப்பியது. தெருமுனையில் நடப்பதைப் பெரிய நிலையம் எட்டிப் பார்த்துவிட்டால், அது தெருமுனையோடு நின்றுவிடவில்லை என்று பொருள்.

அதே 1985-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எக்ஸ் குழுவின் முதல் தட்டு வெளிவந்தது. ஏழு அங்குலச் சிறு தட்டு அது. வெளியிட்டது 'டாடா ரெக்கார்ட்ஸ்' என்ற சிறு நிறுவனம். பாட்டின் பெயர் 'ஐல் கில் யூ'. உன்னைக் கொல்வேன் என்பது பொருள். அடுத்த ஆண்டு வெளியான இரண்டாம் தட்டின் பெயரை இச்சபையில் சொல்லாமல் விடுகிறேன். நயத்தக்க நாகரிகம் என்று நாம் எதைக் கருதுகிறோமோ, அதைச் சீண்டிப் பார்க்க வேண்டும் என்றே வைத்த பெயர்கள் இவை. இத்தலைப்புகளை நான் பாராட்டவில்லை. இருபது வயது இளைஞனுக்கு உரத்துக் கத்தினாலன்றித் தன் குரல் எவர் காதிலும் விழாது என்ற எண்ணம் இருப்பது இயல்பு. இயல்பாயினும் அது முதிர்ச்சி ஆகாது. ஆனால், தலைப்பைக் கண்டு தட்டைத் தூக்கி எறிந்தவர்கள், அந்த இரைச்சலுக்கு உள்ளே பியானோ பயின்ற ஒருவருடைய ஒழுங்கு இருந்ததைக் கேளாமலே போனார்கள்.

இரண்டாம் தட்டு வெளிவந்த விதத்தில்தான் நான் முன்னர்க் குறிப்பிட்ட தாய் வருகிறார். பிறர் நடத்தும் நிறுவனத்தை நம்பியிருந்தால் அடுத்த தட்டு எப்போது வருமென்று சொல்ல முடியாது. ஆகவே, தமக்கென்று ஒரு நிறுவனமே தொடங்கிவிட யோஷிகி எண்ணினார். இருபது வயதான, வருவாய் இல்லாத, தலைமுடியை நிமிர்த்திக்கொண்டு திரியும் இளைஞருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? தாயாரிடம் கேட்டார். கணவரை இழந்து தனியே நின்ற அத்தாயார், தம் வாணிகத்தை விற்று மகனுக்குப் பணம் கொடுத்தார். 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 'எக்ஸ்டசி ரெக்கார்ட்ஸ்' தோன்றியது.

இச்செய்தியைக் கேட்டவுடன், தாய்ப்பாசம் என்ற ஒரு சொல்லில் அதனை அடக்கிவிடத் தோன்றும். நான் அவ்வாறு கருதவில்லை. பாசம் மட்டும் இருந்தால், பிள்ளையின் கையிற் பணத்தைக் கொடுத்து, இத்தோடு விடு என்று சொல்லியிருக்கவும் கூடும். நான்கு வயது முதல் பியானோவின் முன் பல மணி நேரம் அமரும் பழக்கத்தை அந்த மகனிடம் அவர் கண்டிருந்தார். வேடம் அவருக்கு விளங்காமல் இருந்திருக்கலாம். உழைப்பு விளங்கியிருக்க வேண்டும். பிள்ளை செய்வது நமக்குப் பிடிக்கிறதா என்று பார்ப்பதைவிட, அவன் அதில் எவ்வளவு பாடுபடுகிறான் என்று பார்ப்பது நல்ல அளவுகோல். இது என் சொந்த அபிப்பிராயம், மாறுபடுவோர் மாறுபடலாம். ஒரு குடும்பத்தின் பிழைப்பையே பணயமாக வைப்பது எல்லோருக்கும் ஏற்ற வழி என்று சொல்ல எனக்கும் துணிவில்லை.

நிறுவனம் வந்ததே தவிர, குழு இன்னும் நிலைபெறவில்லை. 1987-இல்தான் அது உறுதியான உருவம் எய்தியது. தாழ்சுரக் கிட்டாருக்குத் தைஜி, கிட்டாருக்குப் பாடா, மற்றொரு கிட்டாருக்கு ஹிதே என மூவர் அமைந்தனர். ஹிதேயைப் பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும். யோக்கோசுகா என்னும் துறைமுக நகரத்தவர் அவர். 'சேவர் டைகர்' என்ற குழுவை நடத்தி வந்தார். 1985-இல் பல குழுக்களின் பாட்டுகளைத் திரட்டி வெளியான ஒரு தொகுப்புத் தட்டில் எக்ஸும் சேவர் டைகரும் இடம்பெற்றதுண்டு. தம் குழு கலைந்ததும் இசையை விட்டுவிட்டு, முறையாகக் கற்றிருந்த ஒப்பனைக் கலைஞர் தொழிலுக்கே போய்விடலாம் என்று ஹிதே எண்ணியிருந்த வேளையில், யோஷிகி அவரை அழைத்தார். மேடைக்கோலத்தையே தம் அடையாளமாகக் கொண்ட ஒரு குழுவுக்கு, சிகை அலங்காரத்தில் சான்றிதழ் பெற்ற கிட்டார் கலைஞர் கிடைத்ததை என்னென்பது!

அந்நாட்களில் இவர்கள் செய்த மற்றொரு காரியம் சக கலைஞர்களின் கோபத்தைக் கிளறியது. தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் தோன்றி, சிறிய உணவுக்கடை ஒன்றுக்குள் முழுக்கோலத்தோடு நின்று பேரிரைச்சலாக வாசித்தார்கள். மக்கள் சிரித்தனர். ராக் இசையைக் கேலிப்பொருளாக்கிவிட்டார்கள் என்று தூய்மைவாதிகள் வைதனர். விளம்பரத்துக்குப் பணமில்லாதவன் தன்னையே விளம்பரப் பலகையாக்கிக்கொள்கிறான். அதில் கொஞ்சம் மானம் போவதும் உண்டு. அவர்கள் அதை அறிந்தே செய்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

1988-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், எக்ஸ்டசி ரெக்கார்ட்ஸ் வெளியீடாக 'வானிஷிங் விஷன்' என்னும் முதல் நெடுந்தட்டு வந்தது. மறைந்துபோகும் காட்சி என்று அதன் பெயரைப் பெயர்த்துக் கொள்ளலாம். அதில் ஒன்பது உருப்படிகள் இருந்தன. முதற் சிறு தட்டில் வந்த 'உன்னைக் கொல்வேன்' பாட்டும் அதில் மீண்டும் இடம்பெற்றது, இம்முறை செப்பமாக. தட்டு முழுவதையும் ஒரே மூச்சில் கேட்பது என் போன்ற முதியவர்களுக்கு எளிதன்று. எனினும் ஏழாவது உருப்படியான 'அலைவ்' என்ற பாட்டுக்கு வரும்போது செவி நிமிர்கிறது. பீத்தோவன் இயற்றிய நிலவொளி சொனாட்டாவின் தொடக்கம், தனிப் பியானோவில், மிக அமைதியாக ஒலிக்கிறது. கடுமையான ராக் தட்டில், இரைச்சலுக்கு இடையே, நான்கு வயதில் தொடங்கிய அந்தப் பாடம் தலைகாட்டுகிறது. மென்மையான பியானோவும் இடிபோன்ற முரசும் ஒரே பாட்டில் மாறி மாறி வரும் இந்த முறையே பின்னாளில் அக்குழுவின் முத்திரையாயிற்று. கம்பெனி அதிகாரி ஒருவர் மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்தால், இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றை வைத்துக்கொள் என்று சொல்லியிருப்பார் என்பதே என் ஊகம். அவ்வாறு சொல்ல அங்கே எவரும் இல்லை, மேசையே யோஷிகியினுடையது.

எட்டாவது பாட்டு 'குரெனாய்'. ஆழ்ந்த செந்நிறத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் அது. பெயர் ஜப்பானியமாயினும், அத்தட்டில் பாட்டு ஆங்கிலத்திலேயே அமைந்திருந்தது. ராக் இசைக்கு ஆங்கிலமே உரிய மொழி என்ற எண்ணம் அந்நாட்டிலும் இருந்த காலம் அது. இறுதிப் பாட்டுக்கு 'அன்-ஃபினிஷ்ட்' என்று பெயர். முற்றுப்பெறாதது என்பது பொருள். பெயருக்கேற்ப அப்பாட்டு நடுவழியிலேயே அறுந்துபோகிறது. வாங்கியவருள் சிலர் தட்டிற் பழுது என்று எண்ணியிருந்தால் வியப்பில்லை.

சிறு நிறுவனம் ஒன்றின் தட்டு, கம்பெனித் தட்டுகளோடு சேர்த்து எண்ணப்படும் ஒரிகன் விற்பனைப் பட்டியலில் 19-ஆம் இடம்வரை ஏறியது. இண்டீஸ் தட்டுகள் அப்பட்டியலில் அவ்வளவு உயரத்துக்கு வருவது அன்று மிக அரிய நிகழ்ச்சி. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே சி.பி.எஸ். சோனி கம்பெனி அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 1989-ஆம் ஆண்டு ஏப்ரலில் 'புளூ பிளட்' என்ற அடுத்த நெடுந்தட்டு வந்தது. அறுந்து நின்ற பாட்டு அதில் முழுமையாக ஒலித்தது. 'குரெனாய்' அதில் ஜப்பானிய மொழியில் புதிதாக எழுதப்பட்டு வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தனித் தட்டாகவும் வெளியாகி நாடெங்கும் பரவியது இந்தத் தாய்மொழிப் பாட்டுத்தான். புளூ பிளட் தட்டின் உறையில் 'விஷுவல் ஷாக்' என முடியும் ஓர் ஆங்கில முழக்கம் காணப்பட்டது. கண்ணுக்கு அதிர்ச்சி என்று கொள்ளலாம். காலப்போக்கில் 'விஷுவல் கெய்' என்று ஓர் இசைமரபுக்கே பெயர் வழங்கியது இம்முழக்கத்திலிருந்துதான் என்பர்.

பெரிய கம்பெனிக்குப் போனவர்கள் தாம் ஏறிவந்த ஏணியை உதைத்துத் தள்ளுவது உலக வழக்கம். இங்கே அவ்வாறு நிகழவில்லை. யோஷிகி எக்ஸ்டசி ரெக்கார்ட்ஸை மூடாமல் நடத்தினார். தம்மைப்போல் கதவு திறக்காதவர்களுக்கு அதைத் திறந்துவைத்தார். 'ஜி கில்' என்னும் குழுவின் தட்டுகள் அங்கிருந்து வந்தன. 1991-இல் 'லூனா சீ' குழுவின் முதல் நெடுந்தட்டும், 1994-இல் வடகோடி ஹொக்கைதோவின் ஹாக்கோதாத்தே நகரத்து இளைஞர்களின் குழுவான 'கிளே'யின் முதல் நெடுந்தட்டும் அந்நிறுவனத்தின் பெயரைத் தாங்கியே வெளிவந்தன. அந்தக் கிளே குழு 1999-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் சிபா மாநிலத்து மக்குஹாரியில் நடத்திய ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு லட்சம் பேர் திரண்டார்கள். தாதேயாமாவில் விற்கப்பட்ட வாணிகத்தின் பணம் எவ்வளவு தூரம் சென்று பயன்பட்டது என்று பாருங்கள்.

நல்ல செய்திகளோடு துயரச் செய்திகளும் உண்டு. குழு 1997-இல் கலைந்தது. ஹிதே 1998-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள், முப்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். குழு 2007-இல் மீண்டும் கூடியது. ஆனால் அந்த நெடுந்தட்டை வாசித்த ஐவருள் தைஜியும் 2011-இல் மறைந்தார். பல ஆண்டுகள் தலையை வீசி வீசி முரசறைந்ததால் யோஷிகியின் கழுத்தெலும்பு பழுதுற்று, அவர் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. இளமையின் வேகத்துக்கு உடம்பு பின்னர்க் கணக்குக் கேட்கிறது.

ஜப்பானில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு இடையே ஆண்டுதோறும் பேஸ்பால் போட்டிகள் நடைபெறும் கோஷியேன் மைதானத்தைப் பற்றிச் சிலர் அறிந்திருப்பீர்கள். பார்வையாளர் படிகளில் பள்ளிச் சீருடையோடு அமர்ந்து, தத்தம் அணியை ஊக்குவிக்க மாணவர்களின் பித்தளை வாத்தியக் குழுக்கள் பாட்டுகளை முழக்கும். அவ்வாறு முழக்கப்படும் பாட்டுகளுள் குரெனாயும் ஒன்று. வாசிக்கும் பிள்ளைகளுள் ஒருவரும் 1988-இல் பிறந்தவரல்லர். ஒரு காலத்தில் முகஞ்சுளித்த ஊராரின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஆசிரியரின் கையசைவுக்கு ஏற்ப, தாளம் தவறாமல் அந்தப் பாட்டை வாசிக்கிறார்கள்.